அதே வேலை, வேறு சம்பளம்: எதை ஒப்பிடுவது, எப்படிக் கேட்பது

நவம்பர் மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரம். திருகோணமலையில், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சம்பளப் பட்டியல் போடுவதுதான் அப்போது என் வேலை. புறாத்தீவுக்கு ஓடுகிற படகுகளெல்லாம் கரையில் இழுத்துவிடப்பட்டுக் கிடந்தன. அறைகளில் முக்கால்வாசி பூட்டு. சம்பளச் சிட்டை கொடுத்த மறுநாள், அறை துப்புரவு செய்கிற தம்பி ஒருவர் நனைந்தபடி கணக்கறை வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, அந்த அக்காவுக்கு என்னைவிட 640 ரூபா கூட விழுந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே வேலைதானே செய்யிறம்?”

அந்த அக்கா தம்பலகாமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர். ஆறு வருடமாக அதே வேலை. தம்பி சேர்ந்து எட்டு மாதம்தான். முதல்நாள் மத்தியானம் குசினிக்குப் பின்னால் பிளேன்ரீ குடிக்கும்போது இருவரும் சிட்டையை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு சிட்டையையும் அடித்தவன் நான். எனக்குத் தெரிந்த உண்மை நேர்மாறானது: நட்டப்படுகிறவர் அந்த அக்காதான். ஆனால் ஒருவரின் கணக்கை மற்றவருக்கு அவிழ்க்க எனக்கு உரிமை இல்லை. “தம்பி, உன்ர சிட்டையை மட்டும் எடு, அதைப் பார்ப்பம்” என்றேன்.

தம்பிக்கு அடிப்படைச் சம்பளம் 40,000. அதற்கு மேல் பயணம், ஊக்குவிப்பு என்று 5,000. கூட்டினால் 45,000. அக்காவுக்கு அடிப்படை 32,000, கொடுப்பனவுகள் 13,000. கூட்டினால் அதுவும் 45,000. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம். எங்கள் ஹோட்டல் அதை அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் பிடித்தது. ஆகவே தம்பிக்கு 3,200 வெட்டு, அக்காவுக்கு 2,560 வெட்டு. கையில் வந்தது தம்பிக்கு 41,800, அக்காவுக்கு 42,440. அந்த 640 ரூபாவின் கதை இவ்வளவுதான்.

ஆனால் கதையின் மறுபாதி சிட்டையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. யாரும் அங்கே பார்ப்பதில்லை. சேமலாப நிதிக்கு முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இரண்டும் சேர்த்து 15 வீதம். 8,000 ரூபா அடிப்படை வித்தியாசத்துக்கு அது மாதம் 1,200 ரூபா, வருடத்துக்கு 14,400. வட்டியே இல்லாமல் பத்து வருடத்தில் 1,44,000. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில். அதையும் அடிப்படையில் கணித்தால் வருடத்துக்கு இன்னும் 4,000 இறங்குகிறது. சீசனில் ஓட்டி, அதாவது மேலதிக நேர வேலை, செய்தால் மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு. எங்கள் இடத்தில் அதுவும் அடிப்படையில்தான். ஒரே இரவு, ஒரே நேரம் நின்று வேலை செய்தாலும் தம்பியின் ஓட்டி அக்காவினதைவிடக் காற்பங்கு கூட.

கையில் 640 ரூபா குறைவாக வாங்கியவர் முறைப்பாடு சொல்ல வந்தார். உண்மையில் குறைவாக வாங்கியவருக்கு முறைப்பாடே இல்லை. சம்பள வித்தியாசம் பற்றிக் கேட்கப் போகிற எவரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். சம்பளம் ஒரு தொகை அல்ல, பல துண்டுகள் சேர்ந்தது. துண்டுக்குத் துண்டு ஒப்பிடாமல் மொத்தத்தையோ கையில் வந்ததையோ வைத்துக்கொண்டு போனால், கணக்கு தெரிந்த ஒருவர் இரண்டு நிமிடத்தில் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வேலையை நானே பலமுறை செய்திருக்கிறேன்.

இடையில் ஒன்று. கொடுப்பனவு என்று பெயர் மாற்றிவிட்டால் சேமலாப நிதியிலிருந்து தப்பிவிடலாம் என்று பல முதலாளிமார் நினைக்கிறார்கள். எல்லாம் அப்படித் தப்பாது. வாழ்க்கைச் செலவுப்படி, அதுபோன்ற கொடுப்பனவுகள், சமைத்துக் கொடுக்கிற சாப்பாட்டின் பெறுமதி, விடுமுறைச் சம்பளம் எல்லாம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி கணக்கில் சேர வேண்டியவை. ஓட்டிப் பணம் சேராது.

எந்த வித்தியாசம் நியாயம், எது ஓரவஞ்சனை

பந்தியில் தெரிந்தவர் இலைக்கு மட்டும் இரண்டாவது வடை விழுவதை ஓரவஞ்சனை என்கிறோம். வேலைத்தலத்திலும் அதுதான். ஆனால் இலைக்கு இலை அளவு வேறுபட்டால் எல்லாமே ஓரவஞ்சனை ஆகிவிடாது.

கடலில் உயிர்காப்பாளராக நிற்கிறவருக்கு அதற்குரிய பயிற்சிச் சான்றிதழ் இருக்கும், பக்கத்தில் துவாய் கொடுக்கிறவருக்கு இராது. வரவேற்பு மேசையில் ஜெர்மன் மொழி பேசத் தெரிந்தவருக்குச் சீசனில் தனி விலை. இரவு முறை செய்கிறவர், பணப்பெட்டிக்குப் பொறுப்பாக இருக்கிறவர், பத்து வருடம் இருந்து ஆண்டுக்காண்டு சம்பள ஏற்றம் வாங்கியவர், இவர்களுக்கெல்லாம் கூடக் கொடுப்பதற்குச் சொல்லக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. சொல்லக்கூடிய காரணம் என்பதுதான் இங்கே உரைகல். அந்தக் காரணத்தை உங்கள் முகத்துக்கு நேரே, மற்றவர்களும் இருக்கிற இடத்தில், கூச்சமில்லாமல் ஒரு மனேஜரால் சொல்ல முடியுமா? முடியுமென்றால் அநேகமாக அது நியாயம்.

சொல்ல முடியாத காரணங்களும் உண்டு. முதலாளியின் ஊர்க்காரர். பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். கலியாணம் முடித்தவர், பிள்ளை பிறந்தால் விட்டுவிடுவார். இன்ன சமயம், இன்ன மொழி. சங்கத்தில் சேர்ந்தவர். இவற்றை யாரும் கடிதத்தில் எழுத மாட்டார்கள், ஆனால் பட்டியலில் தெரியும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே குசினியில் நிற்கிற ஊர் இது. இங்கே ஒரு சம்பள வித்தியாசத்தை இன வித்தியாசமாக வாசிப்பது மிகச் சுலபம். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். என் அனுபவத்தில், பட்டியலைப் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போனவர்கள் பாதிப்பேர் பிழையாகப் போனார்கள். மீதிப்பேர் சரியாகப் போயும், முதல் வசனமாக அதைச் சொன்னதால் கேட்கப்படாமல் போனார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது, அதுதான் அதிகம். 2022இல் பொருளாதாரம் விழுந்த பிறகு அனுபவமுள்ள ஆட்கள் கட்டாருக்கும் டுபாய்க்கும் மாலைதீவுக்கும் போய்விட்டார்கள். வெற்றிடத்துக்கு ஆள் பிடிக்க வேண்டுமென்றால் புதியவருக்குக் கூடக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பழையவரின் அடிப்படையைத் தொட ஒருவருக்கும் நினைவு வராது, அவர்தான் இருக்கிறாரே. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமலே, ஆறு வருடக்காரர் எட்டு மாதக்காரருக்குக் கீழே போய்விடுகிறார். எங்கள் அக்காவுக்கு நடந்ததும் இதுதான் என்று ஹோட்டல் சொல்லியிருக்கலாம். என்ன சொன்னார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கொழும்பிலிருந்து அனுப்பப்பட்டவருக்குத் தங்குமிடம், சாப்பாடு, மாதம் ஒருமுறை ரயில் செலவு என்று கொடுப்பதைப் பார்த்து உள்ளூர்க்காரர் கொதிப்பது இங்கே வழக்கமான கதை. தங்குமிடம் கொடுப்பதற்குக் காரணம் சொல்லலாம். அதே பதவிக்கு அடிப்படையும் ஏன் கூட என்பதற்குச் சொல்வது கடினம். கேள்வியை அங்கே வையுங்கள்.

ஹோட்டல் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு பொறி, சேவைக் கட்டணம். விருந்தினரின் பில்லில் 10 வீதம் சேர்த்து வாங்கி, அதை ஊழியருக்குப் பங்கிடுகிறார்கள். பல இடங்களில் பதவிக்கு இத்தனை பொயின்ற் என்று கணக்கு. ஓகஸ்டில் கடற்கரை நிரம்பி வழியும்போது அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்தையே தொடும். டிசம்பரில் அது தேநீர்க் காசு. ஆகவே உங்கள் டிசம்பர்ச் சிட்டையை நண்பரின் ஓகஸ்ட் சிட்டையோடு ஒப்பிடாதீர்கள். கேட்க வேண்டியது, என் பதவிக்கு எத்தனை பொயின்ற், அது எப்போது யாரால் தீர்மானிக்கப்பட்டது என்பதை.

சட்டம் எங்கே நிற்கிறது

ஒருவர் கேட்கப் போவது சலுகையா உரிமையா என்று தெரிந்தால் குரலே மாறிவிடும்.

உரிமையில் தொடங்குவோம். தேசிய ஆகக்குறைந்த சம்பளத்தை 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது மாதம் 10,000 ரூபா. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆகி, 2026 ஜனவரி முதல் 30,000. நாட்கூலிக்கு 1,200. இதைவிடக் குறைவாகக் கொடுக்கிற இடத்தில் சக ஊழியரோடு ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை, அது நேரடியான சட்டமீறல். இதற்கு மேல், பல தொழில்களுக்கு 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் தனித்தனிச் சபைகள் உண்டு. உங்கள் தொழிலுக்கான சபை இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருந்தால் அந்தக் கூடிய தொகைதான் செல்லும். சென்றல் வீதிக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம்: நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. பக்கத்தில் நிற்பவருக்குச் சேமலாப நிதி கட்டி உங்களுக்குக் கட்டாவிட்டால், அதுவும் ஒப்பீட்டுப் பிரச்சினை அல்ல, உரிமைப் பிரச்சினை.

இனிச் சங்கடமான பகுதி. ஆகக்குறைந்த சம்பளத்துக்கு மேலே, 40,000க்கும் 32,000க்கும் இடையில் என்ன சட்டம்? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிற சர்வதேசத் தொழிலமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயம் 1951இல் வந்தது. இலங்கை 1993இல் அதை ஏற்றுக்கொண்டது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் ஓரங்கட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அந்த உறுப்புரையை வைத்து அரசின் செயலுக்கு எதிராகத்தான் உயர் நீதிமன்றம் போகலாம், தனியார் முதலாளிக்கு எதிராக அல்ல. தனியார் துறைக்கென்று தனியான சம ஊதியச் சட்டம் நம்மிடம் இல்லை. ஆகவே தனியார் இடத்தில் “எனக்கு அவரளவு தா” என்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் வெல்கிற வழக்கு அல்ல, மேசையில் வெல்ல வேண்டிய பேச்சு. இதை மறைத்துவிட்டு “உரிமைக்குக் குரல் கொடுங்கள்” என்று மட்டும் எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

அரச ஊழியர்களுக்குப் பாதை வேறு. சம்பள அளவுத்திட்டம் சுற்றறிக்கையில் இருக்கும், எல்லோருக்கும் தெரியும். அங்கே வித்தியாசம் வருவது தரத்தில் நிறுத்தியதில், அல்லது ஆண்டுச் சம்பள ஏற்றத்தைப் பிந்தித் தந்ததில். திணைக்களத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று நினைத்தால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

துறைமுகத்திலோ சீனன்குடாப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ ‘மேன்பவர்’ என்கிற ஆள் வழங்கும் கம்பனி மூலம் நிற்கிறவருக்கு இது எல்லாவற்றையும்விடக் கடினம். பக்கத்தில் அதே மூட்டையைத் தூக்குகிற நிரந்தர ஊழியரின் முதலாளி வேறு, இவரின் முதலாளி வேறு. முதலில் நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

கேட்பது

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. தன் சிட்டையின் கணக்கு விளங்கியதும் நேரே அக்காவிடம் போய், “அக்கா, பேசிக் சம்பளம் எனக்குத்தான் கூட, நீங்கள் போய்க் கேளுங்கோ” என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் அக்கா என் முன்னால். முகம் சிவந்து, உடனே மனேஜரின் அறைக்குள் போகிற நிலை.

நான் அவரைப் போகவிடவில்லை. முதற் காரணம் மாதம். நவம்பரில் ஹோட்டலுக்கு வருமானமில்லை. யாரை விடுமுறையில் அனுப்பலாம் என்று பட்டியல் போடுகிற நேரம். ஏப்ரலில் கிழக்குக் கடற்கரைக்குச் சீசன் தொடங்கும். பெப்ரவரியில் மனேஜருக்கு அனுபவமுள்ள ஒவ்வொரு கையும் வேண்டும். பல கம்பனிகளில் மார்ச் 31இல் கணக்கு ஆண்டு முடிவதால் புதிய வருடத்துக்கான தொகைகளைப் போடுவதும் அப்போதுதான். உங்கள் இடத்தில் அந்த மாதம் எது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். புடவைக்கடையில் தீபாவளிக்கு முந்திய வாரம் எவ்வளவு வியாபாரம் நடந்தாலும் அது கேட்கிற வாரம் அல்ல.

இரண்டாவது, அவரிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. தம்பியின் சிட்டை ஆதாரம் ஆகாதா என்று கேட்டார். ஆகும், ஆனால் அது தம்பியின் பொருள். சில நியமனக் கடிதங்களில் சம்பள விபரத்தை வெளியிடக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். அக்கா அவர் பெயரைச் சொன்னால் முதலில் விசாரிக்கப்படுவது தம்பியாகத்தான் இருக்கும். நம்பிப் பிளேன்ரீக் கோப்பையோடு சொன்ன ஒருவரைக் காட்டிக்கொடுத்து வாங்குகிற சம்பள உயர்வு குசினியில் நிம்மதியாக இருக்க விடாது. பெயரில்லாமலே கேட்கலாம். “இந்த வேலைக்கு இப்போது எடுக்கிறவர்களுக்கு என்ன அடிப்படை?” என்ற கேள்விக்கு யார் பெயரும் தேவையில்லை.

வேலை ஒன்றுதான் என்று காட்ட எது வேண்டும்? அறைப் பராமரிப்பில் தினமும் ஒரு தாள் எழுதுவார்கள், யாருக்கு எந்த அறைகள் என்று. சுப்பவைசரிடம் கேட்டு ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரைக்கும் தன் அறைகளை அக்கா ஒரு கொப்பியில் எழுதினார். சீசனில் நாளுக்கு 12, சில நாள் 14. மற்றவர்களுக்கும் அதே எண்ணிக்கைதான். அவரிடம் நியமனக் கடிதம் இருந்தது, மடித்து மடித்து நான்காகக் கிழிகிற நிலையில், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறையில். ஆறு வருடத்தில் சம்பளம் எப்போது எவ்வளவு கூடியது என்று பழைய சிட்டைகளிலிருந்து எடுத்தோம். இரண்டு முறை கூடியிருந்தது. இரண்டு முறையும் கூடியது கொடுப்பனவில், அடிப்படையில் அல்ல.

நேரில் பேசும்போது எப்படித் தொடங்குவது என்று அவருக்குப் பயம். தொடக்கத்தில் அவர் சொல்லிப் பார்த்தது: “நேற்று வந்தவனுக்குக் கூட, எனக்குக் குறைவு, இது என்ன நியாயம் சேர்?” மனிதருக்கு இயல்பாக வருகிற வசனம் இதுதான், பிழை சொல்ல முடியாது. ஆனால் இந்த வசனம் மனேஜரைத் தம்பியின் வக்கீலாக்கிவிடும். அவர் தம்பியின் திறமையைப் பேசத் தொடங்குவார், நீங்கள் தம்பியின் குறையைப் பேச வேண்டி வரும், கடைசியில் இரண்டு ஊழியர்களின் சண்டையாகி முடியும். நாங்கள் மாற்றிக்கொண்டது: “சேர், நான் ஆறு வருஷமா இந்த வேலை செய்யிறன். என்ர பேசிக் என்ன கணக்கில போட்டிருக்கு எண்டு விளங்கப்படுத்துவீங்களா? இப்ப எடுக்கிற ஆக்களுக்கு இதைவிடக் கூட எண்டு அறிஞ்சன்.” அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக இருப்பது எங்கள் ஆட்களுக்கு வராது. நாங்களே பதிலையும் சொல்லி, “பரவாயில்லை சேர், முடிஞ்சாப் பாருங்கோ” என்று முடித்தும் வைத்துவிடுவோம்.

முதலில் போக வேண்டியது உடனடி மேலாளரிடம். அவரைத் தாண்டிப் போனால் அதுவே புதுக் குற்றமாகிவிடும். அவரிடமே நின்றுவிடவும் கூடாது, சம்பளத்தைக் கூட்டுகிற அதிகாரம் அநேகமாக அவருக்கு இல்லை. அதனால் பேசிய அன்றே அக்கா ஒரு கடிதமும் கொடுத்தார். கிட்டத்தட்ட இப்படி:

“ஐயா, நான் ஆறு வருடங்களாக அறைப் பராமரிப்புப் பிரிவில் கடமையாற்றி வருகிறேன். எனது தற்போதைய அடிப்படைச் சம்பளம் 32,000 ரூபா. இதே பிரிவில் இதே வேலைக்கு அண்மைக்காலத்தில் கூடுதலான அடிப்படைச் சம்பளம் நிர்ணயிக்கப்படுவதாக அறிகிறேன். கடந்த ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் எனக்கு ஒதுக்கப்பட்ட அறைகளின் விபரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எனது அடிப்படைச் சம்பளம் எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது என்பதை அறியத் தந்து, அதனை இவ்வேலைக்கான தற்போதைய மட்டத்துக்கு மீளாய்வு செய்யுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். இது தொடர்பாக நேரில் பேசுவதற்கு இம்மாத இறுதிக்குள் ஒரு நாளை ஒதுக்கித் தருவீர்களாக.”

ஒரு பிரதி எடுத்து, அதில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் திகதியும் வாங்கினார். கடிதம் தமிழில்தான். இங்கிலிஷில் எழுதினால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்கு விளங்காத மொழியில் வேறொருவர் எழுதித் தந்த கடிதத்தை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல நிற்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை.

இதையெல்லாம் ஊழியர் வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே போட்ட ஐந்தாவது நிமிடம் மனேஜரின் போனில் இருக்கும். “தராவிட்டால் விட்டுவிடுவேன்” என்பதையும், உண்மையிலேயே வேறு வேலை கையில் இருந்தாலொழிய, சொல்லாதீர்கள்.

மனேஜர் சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. “பெடியன் எண்டா கட்டில் தூக்குவான், மெத்தை மாத்துவான்.” அக்கா கொப்பியைத் திறந்தார். மூன்று மாதத்தில் கட்டில் இடம் மாற்றியது நான்கு தடவை. நான்கு தடவையும் இரண்டு பேர் தூக்கியிருக்கிறார்கள், அதில் இரண்டு தடவை தூக்கிய ஒருவர் அவரே. சம பெறுமதி என்று சமவாயத்தில் எழுதியிருப்பதை நான் அந்தக் கொப்பியில்தான் விளங்கிக்கொண்டேன். மனேஜர் சிரித்துவிட்டு, கொழும்புக்கு அனுப்புகிறேன் என்றார்.

“பார்ப்பம்” என்ற பதில்தான் அதிகம் கிடைக்கும். அதற்கு ஒரே மருந்து திகதி. எப்போது பார்ப்பீர்கள், யார் பார்ப்பார், நான் எப்போது திரும்ப வரட்டும்? காரணம் சொல்லி மறுத்தால், அந்தக் காரணத்தை நீக்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். சான்றிதழ் இல்லை என்கிறார்களா, எந்தச் சான்றிதழ், எடுத்தால் எவ்வளவு? இதையும் எழுத்தில். அதட்டி அனுப்பினால், அன்று என்ன நடந்தது, யார் இருந்தார்கள் என்பதைத் திகதியோடு அன்றிரவே எழுதி வையுங்கள். அதன்பின் திடீரென்று முறை மாறுகிறதா, சிறு பிழைக்கும் கடிதம் வருகிறதா என்பதையும்.

அப்படியொரு நேரத்தில் முன்னால் நீட்டுகிற எந்தத் தாளிலும், குறிப்பாக இராஜினாமாக் கடிதத்திலோ புதிய நியமனக் கடிதத்திலோ, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது.

தனியாகக் கேட்டு நடக்காததைச் சேர்ந்து கேட்கலாம். ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம். ஊழியரில் 40 வீதம் பேர் ஒரு சங்கத்தில் இருந்தால் அதோடு பேச மறுப்பது 1999இல் திருத்திய கைத்தொழிற் பிணக்குச் சட்டப்படி நியாயமற்ற தொழில் நடத்தை. சங்கத்தில் இருப்பதற்காக வேலையிலிருந்து நிறுத்துவதும் அப்படியே. தொழில் திணைக்களத்தின் அலுவலகம் இங்கே நகரத்திலேயே இருக்கிறது. ஆகக்குறைந்த சம்பளம், சேமலாப நிதி, ஓட்டி போன்றவற்றில் குறை வைத்தால் அங்கே முறைப்பாடு கொடுங்கள்; காசு கட்டத் தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை. இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஒப்பீட்டுச் சம்பளம் மாதிரியான விடயத்திலும் இணக்கப் பேச்சுக்கு அவர்கள் அழைக்கலாம். வேலையை விட்டு நிறுத்திவிட்டால் தொழில் நியாயசபைக்கு 6 மாதத்துக்குள் போக வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டு வந்து அழுதவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அக்காவின் விடயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. மார்ச்சில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கொடுப்பனவிலிருந்து 8,000ஐ எடுத்து அடிப்படையில் போட்டார்கள்: 40,000, மேலே 5,000. மொத்தம் அதே 45,000. ஆறு வருட அனுபவத்துக்கென்று ஒரு சதமும் கூடவில்லை, போன மாதங்களுக்கு நிலுவையும் இல்லை. முதலாளிக்கு மாதம் 1,200 ரூபா கூடச் செலவு, அவ்வளவுதான். அனுபவத்துக்கான ஏற்றத்தை அடுத்த பெப்ரவரியில் கேட்பதென்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார்.

மார்ச் மாதச் சிட்டை கொடுத்த மறுநாள் காலை, கணக்கறை வாசலில் மறுபடியும் ஒரு ஆள். இந்த முறை அக்கா.

“தம்பி, நாங்கள் இவ்வளவு பாடுபட்டுக் கேட்டது. கையில 640 ரூபா குறைஞ்செல்லோ வந்திருக்கு?”

கதிரையை இழுத்துப் போட்டு, கல்குலேட்டரை எடுத்தேன்.